குளக்கரையில் மரம் வைப்பது பற்றி ஒரு திருத்தம்

"சொந்தக் குளம்தானே, கரையில் தென்னையும் வேம்பும் நட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், கலிங்கு (மிகுதி நீர் வழிந்தோடும் கட்டுமானம்) கட்டும் செலவு மிச்சம்" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் அப்படிச் செய்துவிடாதீர்கள்.

வேர் மேல்மண்ணைப் பிடிப்பது உண்மைதான். ஆனால் குறுகிய மண்கரைக்குள் இறங்கிய பெரிய வேர், மரம் பட்டுப்போனதும் மக்கி, உள்ளே குழாய் போல வழி விட்டுவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் தென்னைகளைச் சாய்த்ததை மறந்துவிட்டோமா? கரையில் நிற்கும் மரம் வேரோடு சாய்ந்தால் கரையையும் பெயர்த்துக்கொண்டு போகும். அதுவும் ஐப்பசி, கார்த்திகையில், குளம் நிரம்பி நிற்கும்போது. கரைக்கு ஏற்றவை வெட்டிவேரும் அருகம்புல்லும். ஏற்கெனவே வளர்ந்த மரத்தை வெட்டிவிட்டு அடிக்கட்டையை அப்படியே விடுவதும் ஆபத்து. கோடையில் நீர் வற்றியபின் வேரைத் தோண்டியெடுத்து, களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து இடித்து இறுக்க வேண்டும்.

கலிங்கு வேண்டாம் என்பது இன்னும் மோசமான யோசனை. மண்கரைகள் உடைவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, நீர் மேலே வழிந்து வெளிச்சரிவை அரிப்பதுதான். எந்த மரமும் அதைத் தடுக்காது.

2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய அணைகளுக்குச் சொல்லப்பட்ட கண்காணிப்பு விதிகள் 10 மீட்டருக்குக் குறைவான அணைகளுக்குப் பொருந்தாது; அவற்றின் பாதுகாப்பு உரிமையாளரின் பொறுப்பு. எனவே எலி வளை, நண்டு வளை, கோடை வெடிப்பு ஆகியவற்றை உரிமையாளரே மழைக்கு முன் தேடி அடைக்க வேண்டும். வெளிப்பக்கம் கசியும் நீர் கலங்கலாக வந்தால் உள்ளே மண் அரிபடுகிறது என்று பொருள். உடனே நீரைக் குறைக்கத் தொடங்குங்கள். கீழ்ப்பக்கத்து வீடுகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.