உப்புத் தண்ணீர் வேறு, உருகிய உப்பு வேறு

போன் திரைக் கண்ணாடியும் கார் கண்ணாடி மாதிரி சூடாக்கிச் சட்டென்று குளிர வைத்ததுதான், அதனால் ஊட்டிப் பக்கம் தலைகுந்தா உறைபனியில் தானே விரிசல் விடும், டெம்பர்டு கிளாஸை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் வலுவாகும் என்று மேலே ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து யாரும் ஊறவைக்காதீர்கள்.

கார் ஜன்னலுக்கு அவர் சொன்னது சரி. சுமார் 620 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, காற்றடித்துக் குளிர்விப்பார்கள். ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத போன் கண்ணாடிக்கு அந்த வழி சரிப்படாது. மேற்பரப்புக்கும் உள்பகுதிக்கும் தேவையான வெப்ப வித்தியாசம் கிடைக்காது. அதனால் சுமார் 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் என்ற உப்பில் மணிக்கணக்கில் முக்கி வைக்கிறார்கள். கண்ணாடியின் சோடியம் அயனிகள் (மின்னூட்டம் உள்ள அணுக்கள்) வெளியேற, அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் அந்த இடத்தில் புகுகின்றன. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் இருவர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தது போல ஒரே நெருக்கம். மேற்பரப்பில் உண்டாகும் அந்த அழுத்தத்தை மீறினால்தான் கீறல் விரிசலாக ஓடும்.

சமையல் உப்பு சோடியம் குளோரைடு. கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கும் சோடியத்துக்குப் பதில் சோடியமே போய் என்ன பயன்? பொட்டாசியமே இருந்தாலும், சாதாரண வெப்பநிலையில் அயனிகள் நகர்வது கிட்டத்தட்ட இல்லை.

அப்புறம் அந்த உறைபனி. சட்டைப்பையிலிருந்து பூஜ்ஜிய டிகிரிக்கு எடுத்தாலும் வித்தியாசம் 35 டிகிரி சொச்சம். நல்ல கண்ணாடி அதற்கு உடையாது. ஏற்கெனவே கீழே போட்டு ஓரம் பெயர்ந்திருந்தால் கதை வேறு. குளிரில் உண்மையில் படுத்துவிடுவது பேட்டரிதான்.