பயோடேட்டாவில் போட முடியாத பொழுதுபோக்குகள்

அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். பயோடேட்டாவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். உயரம், நட்சத்திரம், சம்பளம் எல்லாம் சரி. பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்' என்று இருந்தது. கடைசியாக எப்போதடா புத்தகத்தைத் திறந்தாய் என்று கேட்டேன். "எல்லாரும் அதைத்தானே போடறாங்க சித்தப்பா? நீங்களா இருந்தா என்ன போடுவீங்க?" என்றான்.

யோசித்துப் பார்த்தால் எனக்குப் பிடித்த எதையும் அந்த ஒரு வரிக்குள் அடைக்க முடியாது போலிருக்கிறது.

முதலில் நாகஸ்வரம். சபாவில் மைக் வைத்து வாசிப்பது இல்லை. அது எனக்குக் காது வலி. தெருவுக்கும் பிராகாரத்துக்கும் என்று உண்டான வாத்தியத்தை நாலு சுவருக்குள் ஒலிபெருக்கியோடு பூட்டுவது என்ன நியாயமோ! சாமி புறப்படும்போது கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசை கிளம்பும் பாருங்கள், அதை இரண்டு தெரு தள்ளி நின்று கேட்க வேண்டும். தவில் முதலில் வரும், பின்னால் காற்று கொண்டுவந்து சேர்க்கிற அளவுக்கு நாகஸ்வரம். மல்லாரிக்குச் சாகித்தியம் (பாட்டு வரி) என்று எதுவும் கிடையாது, அதனால் அர்த்தம் தெரியவில்லையே என்ற கவலையும் இல்லை.

நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகம் செல்போனிலும் இருக்கிறது. அவர் 1956-லேயே போய்விட்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்காகச் செய்து கொடுத்த நீளமான பாரி நாகஸ்வரம்தான் இன்று எங்கும் கேட்பது. அதற்கு முன் இருந்த திமிரி குட்டையானது, சுருதி தூக்கலாக இருக்கும். ஆச்சா மரத்தில் கடைகிறார்கள், அதுவும் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரமும் தூணும்தான் உசத்தி. யாரோ நூறு வருஷம் தூங்கி எழுந்த வீட்டின் உத்தரம் தோடி பாடுகிறது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சந்தோஷம்தான்.

போன ஆவணியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முகூர்த்தத்துக்கு முன்னால் நாகஸ்வரத்தில் கீரவாணி ராகம் வாசித்துக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். மண்டபத்தில் ஒரு காது கூட அவர் பக்கம் இல்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அவர் என்னை ஒரு முறை பார்த்தார், வாயில் வைத்து ஊதும் சீவாளியை மாற்றினார், அப்புறம் வாசித்த இருபது நிமிஷத்தை இன்னும் மறக்க முடியவில்லை. உச்சத்துக்குப் போகிற நேரத்தில் யாரோ விரலை ஆட்டினார்கள், கெட்டிமேளம்! கீரவாணி அந்தரத்தில் நின்றுவிட்டது. அவர் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. (பொய் சொல்லக் கூடாது, பாதாம் அல்வா இறங்கியது.)

இரண்டாவது, படிப்பது. அதுவும் இப்படித்தான். வீட்டுப் பரணில், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்து அம்மா பைண்டு செய்து வைத்தவை பதினோரு கட்டு இருந்தன. கதையை விட, கதைக்குப் பின்பக்கம் தப்பிப் பிழைத்த துணுக்கு, பாதி ஜோக், தலைவலித் தைல விளம்பரம் இவற்றைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். அதே வழியில் பத்திரிகை ஓவியர்களின் கோடுகளுக்கு அடிமையானேன். சில்பி கோயில் கோயிலாக உட்கார்ந்து வரைந்த சிற்பங்களில் கல்லின் தேய்மானம் கூடத் தெரியும். கோபுலுவோ நாலு கோட்டில் ஒரு மாமியின் கோபத்தை வரைந்துவிடுவார், கீழே வசனமே வேண்டாம். வலது கை வராமல் போனபோது இடது கையால் வரையப் பழகிய மனிதர் அவர். ஆர்ட் கேலரிக்கும் போயிருக்கிறேன். ஒரு படத்தின் முன் எத்தனை நேரம் நின்றால் மரியாதை என்று தெரியாமல் கால் வலித்ததுதான் மிச்சம்.

மூன்றாவதைச் சொன்னால் அலுவலகத்தில் சிரிக்கிறார்கள்: சிக்குக் கோலம். வாசலில் போட எனக்கு இழை வராது, கட்டம் போட்ட நோட்டில் போடுகிறேன். ஒரு நாள் விளையாட்டாக எண்ணிப் பார்த்தேன். ஐந்து வரிசை, நாலு புள்ளி என்று வைத்து எல்லாப் புள்ளியையும் சுற்றி வளைத்தால் ஒரே இழையில் கோலம் முடிகிறது. நாலுக்கு நாலு வைத்தால் நாலு தனித்தனி இழை. ஆறுக்கு நாலு என்றால் இரண்டு. இரண்டு எண்ணையும் மீதியின்றி வகுக்கிற பெரிய எண் எதுவோ, அத்தனை இழை. அடடா, பள்ளிக்கூடத்தில் என்னை அழ வைத்த மீப்பெரு பொது வகுத்தி! தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி 1970-களிலேயே கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. என் பெருமை ஒரு வாரம் கூட நிற்கவில்லை.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. வேறு வேலையாக வந்தவர்கள் கடந்து போகிறவை எல்லாமே. கல்யாணத்துக்கு வந்தவர் காதில் விழுவது, கதை படிக்க வந்தவர் கண்ணில் படுவது, வீட்டுக்கு வந்தவர் மிதிப்பது. ஆனால் அந்தப் பெரியவர் எதிரே உட்கார்ந்த நாளிலிருந்து ஒரு உறுத்தல் இருக்கிறது. கவனிக்கப்படாததே அழகு என்று நான் ரசிக்கலாம். வாசிக்கிறவருக்கு அப்படியா இருக்கும்?

அண்ணன் மகனுக்கு இதையெல்லாம் சொன்னேன். கொட்டாவி விட்டுக்கொண்டே, "புத்தகம் வாசித்தல், இசை கேட்டல்னே இருக்கட்டும் சித்தப்பா" என்றான்.

நேற்று என் நோட்டைப் பார்த்து ஏழுக்கு ஐந்து கோலத்தை வாசலில் போட்டாள் மனைவி. ஒரே இழை, பிசகே இல்லை. எட்டு மணிக்குள் தண்ணீர் கேன் வண்டி ஏறிப் போய்விட்டது.