யாருடைய நேரத்தில் படிக்கிறோம்?

வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு படிக்கலாமா என்று உள்பெட்டிக்கு வந்து கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, "வீட்டில் பேசிவிட்டீர்களா?" என்பதுதான். பாதிப் பேருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. "நான் என்ன சின்னப் பிள்ளையா, அனுமதி வாங்கிக்கொண்டு படிக்க?" என்று ஒரு பெண் கோபித்துக்கொண்டார். ஆண்கள் கோபப்படுவதில்லை. "அதெல்லாம் வீட்டில் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அந்த இரண்டாவது பதில்தான் அதிகம் உறுத்துகிறது.

நான் கேட்பது அனுமதியைப் பற்றி இல்லை, கணக்கைப் பற்றி. வாரத்தில் பத்துப் பதினைந்து மணி நேரத்தைப் படிப்புக்கு எடுக்கப் போகிறீர்கள். அந்த நேரம் இப்போதும் சும்மா கிடக்கவில்லை, எதற்கோ செலவாகிக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் அதை எடுத்ததும் இன்னொருவர் அந்த வேலைகளைச் செய்ய வேண்டிவரும். யாரும் செய்யாவிட்டால் உங்கள் தூக்கத்திலிருந்து கழியும். அந்த இன்னொருவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

படிப்பு, வேலை, குடும்பம் மூன்றையும் சமாளிப்பது பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை ஒரு தனிமனிதச் சாமர்த்தியமாகவே பேசுகிறார்கள். விடியற்காலை எழுந்துகொள், செயலியில் பட்டியல் போடு, கவனத்தைச் சிதறவிடாதே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர்கள் எடுத்துக்காட்டும் பெரிய மனிதர்களின் கதைகளையே கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

ஐன்ஸ்டைனை எடுத்துக்கொள்ளுங்கள். 1902 முதல் 1909 வரை பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்தார். நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள். 1904-இல் மகன் பிறந்தான். 1905-இல் சூரிக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டைக் கொடுத்தார். இயற்பியலையே புரட்டிப்போட்ட அந்தப் புகழ்பெற்ற கட்டுரைகள் வந்ததும் அதே ஆண்டில்தான். வேலை, பட்டம், குடும்பம் மூன்றும் ஒரே நேரத்தில். மேடைப் பேச்சாளர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் அந்த வீட்டில் இன்னொரு இயற்பியல் மாணவியும் இருந்தார். மிலேவா மாரிச், ஐன்ஸ்டைனோடு அதே சூரிக் பாலிடெக்னிக்கில் படித்தவர். 1900-இல் இறுதித் தேர்வில் தேறவில்லை. 1901-இல் மறுபடி எழுதினார், அப்போது கர்ப்பமாக இருந்தார், அந்த முறையும் தேறவில்லை. பட்டம் இல்லாமலே அவருடைய படிப்பு நின்றுபோனது. கணவரின் கட்டுரைகளில் அவருக்குப் பங்கு உண்டா இல்லையா என்ற சண்டைக்குள் நான் போகவில்லை. 1905-இல் இரவில் குழந்தை அழுதால் பெரும்பாலும் யார் எழுந்திருப்பார் என்று ஊகிக்க ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.

மேரி கியூரியின் கதை இதற்கு நேர்மாறு. அன்றைக்கு ரஷ்ய ஆட்சியில் இருந்த வார்சாவில் பெண்களுக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. பாரிசுக்குப் போகக் காசில்லை. மேரியும் அவருடைய அக்கா புரோனியாவும் தங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள். முதலில் அக்கா பாரிஸ் போய் மருத்துவம் படிப்பது, தங்கை பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்துப் பணம் அனுப்புவது. அப்புறம் தங்கையின் முறை. அப்படித்தான் நடந்தது. 1891-இல் மேரி பாரிஸ் போனார். பிறகு 1897-இல் முதல் மகள் பிறந்தபோது, ஓய்வுபெற்ற மருத்துவரான மாமனார் யூஜின் கியூரி அவர்களோடு வந்து தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். 1903-இல் மேரிக்கு முனைவர் பட்டமும் வந்தது, நோபல் பரிசும் வந்தது.

மேரி கியூரியின் மனவுறுதியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அந்த மாமனாரைப் பற்றி யாராவது ஊக்கப் பதிவு எழுதிப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் வீட்டில் முதலில் படித்தது என் கணவர். அவர் முடித்ததும் என் முறை என்று பேச்சு. எழுதி வாங்கவில்லை, ஆனால் அவருடைய ஒவ்வொரு செமஸ்டர் முடிந்தபோதும் நினைவுபடுத்தத் தவறவில்லை. ஒரே சமயத்தில் இருவரும் சேர்ந்து படிக்கலாம் என்று அவர் ஒருமுறை சொன்னபோது வேண்டாம் என்று சொன்னதும் நான்தான். இருவருக்கும் ஒரே வாரத்தில் தேர்வு வந்தால் பிள்ளையை யார் பார்ப்பது? அகலக்கால் வைத்து இருவரும் பாதியில் நிற்பதைவிட ஒருவர் பின் ஒருவராகப் போவது மேல்.

என் முறை வந்தபோதுதான் ஒரு விஷயம் புரிந்தது. துணி மடிப்பது, பாத்திரம் கழுவுவது, பிள்ளையைக் கூப்பிட்டு வருவது இதையெல்லாம் பிரித்துக்கொள்வது சுலபம். என் கணவர் ஒரு முகச்சுளிப்பும் இல்லாமல் செய்தார். பிரிக்க முடியாமல் இருந்தது மண்டைக்குள் இருக்கும் பட்டியல். அடுத்த தடுப்பூசி எப்போது, பள்ளியில் எந்தத் தாளில் கையெழுத்துப் போட வேண்டும், பிள்ளைக்குச் செருப்பு சிறிதாகிவிட்டதா. "என்ன செய்ய வேண்டும் சொல், செய்துவிடுகிறேன்" என்பார். அந்தச் 'சொல்'லுவதே ஒரு வேலை என்பதைப் புரியவைக்க நாளானது. ஒருநாள் தேர்வுக் கூடத்துக்கு வெளியே நின்று போனை அணைக்கப் போகும் நேரத்தில் அவரிடமிருந்து செய்தி: "இருமல் மருந்து எங்கே வைத்திருக்கிறாய்?" பதில் போடாமல் அணைத்துவிட்டு உள்ளே போனேன். மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து பார்த்தால் அடுத்த செய்தி: "கிடைத்துவிட்டது." அதற்குப் பிறகு மருந்து விஷயம் முழுக்க அவர் கைக்குப் போய்விட்டது. இப்போது மருந்து எங்கே இருக்கிறது என்று நான் அவரிடம் கேட்கிறேன்.

தனியாக வாழ்கிறவர்களுக்கு இது பொருந்தாது என்று சிலர் நினைக்கலாம். பொருந்தும். வயதான பெற்றோர், உங்கள் ஷிப்டை மாற்றி எடுத்துக்கொள்ளும் சக ஊழியர், நாலு மாதமாக நீங்கள் திருப்பி அழைக்காத நண்பர் எல்லோரும் இந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

சரி, கணக்கு என்றேனே, அதைப் போட்டுப் பார்ப்போம்.

வாரத்தில் 168 மணி நேரம். பெரியவர்களுக்கு இரவில் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. அதற்கு 49 போனால் மிச்சம் 119. வேலைக்கு 48 என்றால் மிச்சம் 71. போக வர நாளைக்கு ஒன்றரை மணி, ஆறு நாளைக்கு 9. மிச்சம் 62. குளிப்பது, சாப்பிடுவது, வீட்டு வேலை என்று நாளைக்கு மூன்று மணி வைத்தால் 21. மிச்சம் 41.

நாற்பத்தொரு மணி நேரம்! தாராளமாக இருக்கிறதே என்று தோன்றும். எனக்கும் காகிதத்தில் பார்க்கும்போது அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த 41 மணி நேரம் ஒரே துண்டாக வருவதில்லை. இங்கே இருபது நிமிடம், அங்கே முக்கால் மணி என்று சில்லறையாகத்தான் வரும். பிள்ளையோடு பேசுவது, உடம்பு சரியில்லாத நாள், சும்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும்.

இப்போது படிப்பின் பக்கம். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களின் பொதுக் கிரெடிட் முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பு. முழுநேர மாணவருக்கு ஆண்டுக்கு 60 கிரெடிட், அதாவது 1500 முதல் 1800 மணி நேரம். 120 கிரெடிட் முதுகலை என்றால் 3000 மணி நேரத்துக்குக் குறையாது. வாரத்துக்குப் பத்து மணி நேரம்தான் ஒதுக்க முடியும் என்றால் 300 வாரம், கிட்டத்தட்ட ஆறு வருடம். பதினைந்து மணி நேரம் என்றால் 200 வாரம், நாலு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. வேறு நாடுகளில் கிரெடிட் கணக்கு மாறலாம், ஆனால் வகுத்தல் ஒன்றுதான். விளம்பரத்தில் "வேலை செய்துகொண்டே இரண்டே வருடத்தில்" என்று போட்டிருந்தால் இந்த வகுத்தலைச் செய்து பாருங்கள். பாடம் உண்மையிலேயே இலகுவாக இருக்க வேண்டும், அல்லது அவர்கள் உங்கள் தூக்கத்தையும் சேர்த்து எண்ணியிருக்க வேண்டும்.

தூக்கத்தைத்தான் எல்லோரும் முதலில் வெட்டுகிறார்கள். அது வாய்திறந்து முறையிடாதே! 1997-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வு: தொடர்ந்து பதினேழு மணி நேரம் விழித்திருந்தவர்களின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது ஏறியவர்களின் அளவுக்கு இறங்கியிருந்தது. காலை ஆறு மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிக்குப் புள்ளியியல் புத்தகத்தைத் திறப்பவர் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடு அதிகம் என்று வந்தது. அந்த ஆய்வு சம்பள வேலையை மட்டுமே எண்ணியது, படிப்பை எண்ணவில்லை. 48 மணி நேர வேலைக்கு மேல் 15 மணி நேர அசைன்மென்ட் வந்தால், எது வேலை எது படிப்பு என்று உடம்பு அவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சில்லறை நேரத்தில் எப்படிப் படிப்பது என்பதற்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், எனக்கு உண்மையில் உதவியது. இருபது நிமிடம் கிடைத்தால் பாடத்தைத் திரும்ப வாசிக்காதீர்கள். புத்தகத்தை மூடிவிட்டு, நேற்றுப் படித்ததில் நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். என் கைப்பையில் எப்போதும் மடித்த தாள்கள் கிடக்கும். ஒருமுறை அலுவலகக் கூட்டத்தில் அறிக்கைக்குப் பதிலாக அதில் ஒன்றை எடுத்து நீட்டிவிட்டேன், அது வேறு கதை.

மற்றபடி வேலை, படிப்பு இரண்டையும் ஒரே மேசையில் வைத்துக்கொண்டு மாறி மாறிச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு வேலையை அரைகுறையாக விட்டு அடுத்ததற்குத் தாவும்போது கவனத்தில் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கிறது என்று சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் எழுதினார். பாதி எழுதிய மின்னஞ்சலை மனதில் வைத்துக்கொண்டு வகுப்பைக் கேட்டுப் பார்த்தவர்களுக்கு ஆய்வே தேவையில்லை.

இனி நிறுவனங்களுக்கு ஒரு வார்த்தை. "எங்கள் ஊழியர்கள் தொடர்ந்து கற்றுக்கொண்டே இருக்க வேண்டும்" என்று ஆண்டறிக்கையில் எழுதாத நிறுவனம் உண்டா? கற்பது யாருடைய நேரத்தில் என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறிவிடும். நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், பட்டம் வாங்கியவர்களுக்குப் பாராட்டுக் கூட்டமும் பூங்கொத்தும் உண்டு. தேர்வுக்கு லீவு கேட்டால் "இந்த மாதம் வேண்டாமே" என்பார் மேனேஜர், தேர்வுத் தேதியை நானே முடிவு செய்ததுபோல. சம்பளத்தோடு கூடிய கல்வி விடுப்புக்கென்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1974-லேயே ஒரு தனி ஒப்பந்தம் கொண்டுவந்தது, எண் 140. அதை ஏற்றுக்கொண்ட நாடுகள் உலகில் சிறுபான்மைதான். ஊழியர் கற்றுக்கொண்டு வரும் திறமையின் பலன் நிறுவனத்துக்கும் போகிறது. அதற்கான நேரம் மட்டும் ஏன் ஊழியரின் வீட்டிலிருந்தே போக வேண்டும்?

இது மாறும்வரை யாரும் படிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் படித்தேன், அதனால் சம்பளமும் கூடியது, பிடிக்காத ஒரு வேலையை விட்டு வெளியே வரவும் முடிந்தது. சேர்வதாக முடிவு செய்துவிட்டால் வீட்டில் பேசிய கையோடு பல்கலைக்கழகத்திடமும் பேசுங்கள். நடுவில் ஒரு செமஸ்டர் நிறுத்தி வைத்தால் கட்டிய பணம் என்னவாகும்? மொத்தப் படிப்பையும் முடிக்க அதிகபட்சம் எத்தனை வருடம் தருவார்கள்? நேரில் வந்தே தீர வேண்டிய வகுப்புகள் எவை, வேலை நாளில் வருமா? தேர்வுத் தேதி எவ்வளவு நாள் முன்னால் தெரியும்? ஒரு தாளை எழுத முடியாமல் போனால் அடுத்த வாய்ப்பு எப்போது? சேர்க்கைப் பிரிவில் இருப்பவர் போனில் எல்லாவற்றுக்கும் "பார்த்துக்கொள்ளலாம்" என்றுதான் சொல்வார். மின்னஞ்சலில் கேளுங்கள், பதில் வந்தபிறகு பணம் கட்டுங்கள்.