எக்ஸ்1: இன்ஜினைத் திருப்பி வெச்சது சரி, நாபை எடுத்ததுதான் தப்பு

கார் பிரியர்கள் ரெண்டு பேர் பிஎம்டபிள்யூவோட சின்ன எஸ்யூவி எக்ஸ்1 பத்திப் பேசினா போதும், "முதல் ஜெனரேஷன்தான் நிஜ பிஎம்டபிள்யூ, அப்புறம் வந்ததெல்லாம் மினி காருக்கு மேக்கப் போட்டது"ன்னு ஆரம்பிச்சுடுறாங்க (மினிங்கிறது பிஎம்டபிள்யூவோட இன்னொரு பிராண்ட்). எனக்கு இதுல கொஞ்சமும் உடன்பாடு இல்ல.

2009ல வந்த முதல் ஜெனரேஷன், கம்பெனி கோட்ல இ84, அடிப்படையில 3 சீரிஸ் காரோட பின்பக்கம் நீட்டின வேகன்தான். இன்ஜின் நீளவாக்குல, பவர் பின் வீலுக்கு, ஆறு சிலிண்டர் பெட்ரோல்கூட இருந்துச்சு. ஓட்டுறவனுக்கு சொர்க்கம், ஒத்துக்கறேன். ஆனா பின்சீட்ல நடுவுல உக்காந்தவங்கள யாராவது கேட்டீங்களா? பின் வீலுக்குப் பவர் கொண்டு போற ஷாஃப்டுக்காகத் தரையில மேடு கட்டி வெச்சிருப்பான், அதுக்கு ரெண்டு பக்கமும் காலை அகட்டி வெச்சுக்கிட்டு முட்டி முன்சீட்ல இடிக்க இடிக்கப் போகணும், டேஷ்போர்டு பிளாஸ்டிக்கைத் தட்டிப் பாத்தா இந்த விலைக்கா இதுன்னு தோணும்.

2015ல ரெண்டாவது ஜெனரேஷன் எஃப்48 வந்தப்போ இன்ஜினைக் குறுக்கத் திருப்பி வெச்சு முன் வீல் டிரைவ் ஆக்கிட்டாங்க. இங்கதான் எனக்கு ஆச்சரியம். வீல்பேஸ், அதாவது முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல இருக்கிற தூரம், 2,760 மில்லிமீட்டர்லேர்ந்து 2,670 ஆ குறைஞ்சுது, வண்டி நீளமும் கொஞ்சம் கம்மி, ஆனா உள்ள இடம் தாராளம், டிக்கி 420 லிட்டர்லேர்ந்து 505 ஆச்சு. நீட்டி வெச்ச இன்ஜினும் அதுக்குப் பின்னாடி கியர்பாக்ஸும் தின்ன இடம் பூரா உக்காருறவங்களுக்கு வந்துடுச்சு, ரூஃபும் 5 சென்டிமீட்டர் போல ஒசந்துச்சு, அவ்ளோதான் விஷயம். குடும்பத்தோட ஊருக்குப் போற வண்டிக்கு இது துரோகமா? பிஎம்டபிள்யூவே சீனாவுக்கு நீள வீல்பேஸ் எக்ஸ்1 போட்டான், 2025 ஜனவரில நம்மூருக்கும் 2,800 மில்லிமீட்டர் வீல்பேஸ்ல எலெக்ட்ரிக் ஐஎக்ஸ்1 விட்டான், 49 லட்சம் எக்ஸ்ஷோரூம், அசெம்பிள் ஆகுறது நம்ம செங்கல்பட்டு பக்கம் இருக்கிற பிளான்ட்ல. காசு போடுறவன் பின்சீட்டைப் பாத்துதான் போடுறான்னு கம்பெனிக்கே தெரியும்.

எனக்குக் கோவம் 2022ல வந்த மூணாவது ஜெனரேஷன் யு11 மேலதான். வண்டி நல்லா வளந்துடுச்சு, 4,500 மில்லிமீட்டர் நீளம், உள்ள ஃபினிஷ் பிரமாதம், எல்லாம் சரி. ஆனா ஸ்க்ரீன் மெனுவைத் திருப்பி அமுக்கி இயக்குற அந்த ஐடிரைவ் நாபை எதுக்குய்யா எடுத்தீங்க? 2001ல 7 சீரிஸ்ல ஆரம்பிச்சு இத்தனை வருஷமா மெருகேத்தின சாமான் அது. ரோட்டைப் பாத்துக்கிட்டே ரெண்டு கிளிக் திருப்பி ஒரு அமுக்கு அமுக்குனா வேலை முடிஞ்சுது. இப்போ ஏசி ஃபேனைக் குறைக்கக்கூட ஸ்க்ரீனைத் தொடணும், வண்டி குலுங்குற ரோட்டுல விரல் ஒரு இடத்துக்குப் போனா வேற எதையோ தொடுது, கண்ணு ரோட்டை விட்டுடுது. பின் வீல் டிரைவ் போச்சேன்னு பத்து வருஷமா ஒப்பாரி வெக்கிறவங்க இதுக்கு ஏன் வாயே தொறக்க மாட்டேங்குறாங்க?

அடுத்து இதே வண்டியைப் புதுப்பிச்சு விடுற ஃபேஸ்லிஃப்ட்ல நாபைத் திரும்பக் குடுங்க. முடியலன்னா ஏசிக்காவது நாலு பட்டன் வைங்க.