குள்ளர்களுக்கு விடியல் கிடையாது

மூன்று வருடமாக ஒரு மிகுபுனைவு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பதுதான் சரி. அதில் மலைக்கு அடியில் வாழும் குள்ளர் கூட்டம் ஒன்று வருகிறது. போன மாதம் முதல் நான்கு அத்தியாயங்களை ஒரு தோழியிடம் படிக்கக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "இவங்க செத்தா எங்க புதைப்பாங்க?"

என்னிடம் பதில் இல்லை. தாடியை எத்தனை புரியாகப் பின்னுவார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். கோடரிக்குப் பெயர் வைத்திருக்கிறேன். ஏழு தலைமுறைப் பகை இருக்கிறது. சாவு மட்டும் இல்லை. நாம் செத்தவர்களை மண்ணுக்குள் அனுப்புகிறோம். அவர்கள் மண்ணுக்குள்தான் குடியே இருக்கிறார்கள். நமக்கு இடுகாடு எதுவோ அது அவர்களுக்கு வீட்டு முற்றம். அப்புறம் பிணத்தை எங்கே கொண்டுபோவார்கள்?

அன்று இரவே நான்கு அத்தியாயங்களையும் ஓரமாக வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு யோசித்ததைத்தான் இங்கே கொட்டுகிறேன். நீளம் அதிகம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த திணை இலக்கணம் இப்படி ஒரு இடத்தில் வந்து கைகொடுக்கும் என்று நினைக்கவே இல்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் எல்லாம் அதிலிருந்து கிளைக்கும் கருப்பொருள். அந்த நிலத்து மனிதர்களின் மனசு, அதாவது உரிப்பொருள், அதற்கப்புறம். நாம் கற்பனை இனங்களை உருவாக்கும்போது இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் குணம்: கோபக்காரர்கள், குடிகாரர்கள், தங்கப் பேராசைக்காரர்கள், வாக்குத் தவறாதவர்கள். பிறகு ஆயுதம். கடைசியில் நாடகத் திரைச்சீலை மாதிரிப் பின்னால் ஒரு மலையைத் தொங்க விடுகிறோம். இப்படிச் செய்தால் எல்லோருடைய குள்ளர்களும் ஒரே அச்சில் வார்த்த பொம்மையாகத்தான் வருவார்கள். என்னுடையவர்களும் அப்படித்தான் வந்திருந்தார்கள்.

சரி, நிலம் தெரியும், பாறைக்குள். பொழுது?

இங்கேதான் எனக்குத் தலை சுற்றியது. 1962இல் மிஷெல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் ஆல்ப்ஸ் மலையில் ஸ்காராசன் என்ற குகைக்குள் கடிகாரம் இல்லாமல் இரண்டு மாதம் தனியாக இருந்தார். வெளியே வந்த நாள் செப்டம்பர் 14. அவர் கணக்கில் அது ஆகஸ்ட் 20. கண் முன்னாலேயே 25 நாள் காணாமல் போயிருக்கிறது. சூரியன் இல்லாவிட்டால் மனிதக் கணக்கு அவ்வளவுதான். என் குள்ளர்களோ "நாளை காலை புறப்படுவோம்" என்று வசனம் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்தக் காலை?

அதற்காகப் பாறைக்குள் பருவமே தெரியாது என்று சொல்லிவிட முடியாது. காற்று சொல்லும். மேலே ஒரு வாய், கீழே ஒரு வாய் என்று இரண்டு திறப்புகள் உள்ள சுரங்கத்திலோ குகையிலோ காற்று தானாகவே ஓடும். குளிர்காலத்தில் உள்ளே இருக்கும் காற்று வெளிக்காற்றைவிடச் சூடாக இருப்பதால் மேல் வாய் வழியாக வெளியேறும். கோடையில் உள்காற்று குளிர்ந்து கனமாக இருப்பதால் கீழ் வாய் வழியாக இறங்கிப் போகும். வருடத்துக்கு இருமுறை, உள்ளும் வெளியும் ஒரே வெப்பத்துக்கு வரும் நாட்களில், காற்று எந்தப் பக்கமும் போகாமல் அப்படியே நின்றுவிடும்.

இதைப் படித்தபோது எழுந்து அறைக்குள் நடக்க ஆரம்பித்துவிட்டேன். மலை மூச்சு விடுகிறது! அதுதான் அவர்களின் பெரும்பொழுது. மேல்மூச்சுக் காலம், கீழ்மூச்சுக் காலம். நடுவில் மூச்சு நிற்கும் நாட்கள்.

அந்த நாட்களில் என்ன நடக்கும்? நெருப்பு மூட்ட முடியாது, புகை போக வழியில்லை. உலைகளை அணைத்தாக வேண்டும். விளக்குகளைக் கூடக் குறைத்தாக வேண்டும். ஆக, குள்ளர்களின் மிகப் பெரிய திருநாள் மேளமும் கூத்துமாக இருக்காது. உலை அணைந்து, சுத்தியல் ஓய்ந்து, இருட்டில் எல்லோரும் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் நாளாக இருக்கும். ஒரு கிழவி மட்டும் சுரங்க வாயில் ஓர் இறகைக் கட்டிவிட்டு அது எந்தப் பக்கம் அசைகிறது என்று விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். இறகு திரும்பியதும் அவள் ஒரு சத்தம் கொடுப்பாள். புது வருடம் பிறந்துவிட்டது. இந்த ஒரு காட்சிக்காகவே பழைய நான்கு அத்தியாயங்களையும் தூக்கிப் போட எனக்கு வருத்தமே இல்லை.

இதனால் மொழியும் மாறியாக வேண்டும். தமிழில் எழுதும்போதுதான் இது எவ்வளவு பெரிய சிக்கல் என்று தெரிகிறது. நமக்கு நம்பிக்கை என்றாலே விடிவு. "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்கிறோம். பொழுது போகிறது, பொழுது சாய்கிறது என்று பேச்சு முழுக்க வானத்து வெளிச்சம். என் குள்ளத்தி இதில் ஒன்றைக்கூடச் சொல்லக் கூடாது. "காற்று திரும்பட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்பாள். நல்ல செய்தி வந்தால் "இறகு அசைந்தது" என்பாள். வசனங்களை இப்படி மாற்றி எழுத இரண்டு வாரம் ஆனது. நடுநடுவே அசட்டையாக ஒரு "பட்டப்பகலில்" நுழைந்துவிடும், பிடித்து வெளியே தள்ள வேண்டும்.

குள்ளர் என்ற பெயரும் அப்படித்தான். அது வெளியாள் வைத்த பெயர். உயரம் குறைவு என்பது நம் அளவுகோல், அவர்கள் கூரைக்கு அவர்கள் சரியான உயரம். அது போக, நம்மிடையே உயரம் குறைந்து பிறந்தவர்களைக் குத்துவதற்கும் இதே சொல்தான் புழங்குகிறது. கதைக்குள் அந்தச் சொல்லை மேலே இருப்பவர்கள் மட்டுமே சொல்வார்கள் என்று வைத்துவிட்டேன். பாறைக்குள் இருப்பவர்களோ நம்மைக் "கூரையற்றவர்கள்" என்கிறார்கள். அதில் கொஞ்சம் பரிதாபம் கலந்திருக்கிறது.

உணவை வேகமாகக் கடந்துவிடுகிறேன். எல்லோரும் காளான் என்று எழுதித் தப்பிக்கிறார்கள். காளானுக்கும் மட்கிய மரமோ சாணமோ மேலிருந்துதான் வர வேண்டும். ருமேனியாவில் 1986இல் கண்டுபிடிக்கப்பட்ட மோவிலே குகையில் சூரிய ஒளியை நம்பாமல், வேதிப்பொருளில் வாழும் பாக்டீரியாவை அடித்தளமாகக் கொண்டு ஒரு முழு உயிர்க்கூட்டமே இருக்கிறது. ஆனால் அங்கே பெருகியவை பூச்சிகளும் புழுக்களும்தான். ஒரு ஊருக்குச் சோறு போட அது போதாது. எனவே குள்ளர்கள் வியாபாரம் செய்தே தீர வேண்டும், யாரையும் நம்பாத தனிமைக் கூட்டமாக இருக்க முடியாது. அவ்வளவுதான்.

மரம்தான் முக்கியம். இதை யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு ஆச்சரியம். சுரங்கம் என்றால் முட்டுக் கொடுக்க மரம் வேண்டும் (முகநூலில் கொடுக்கும் முட்டு இல்லை, நிஜ முட்டு). ஊசியிலை மரங்களைச் சுரங்கக்காரர்கள் விரும்பியதற்கு ஒரு காரணம், பாரம் தாங்காமல் உடைவதற்கு முன்னால் அவை முனகும், ஓடித் தப்பிக்க நேரம் கிடைக்கும். இரும்பு உருக்கவும் மரக்கரி வேண்டும். இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1709இல் கோக்கை, அதாவது சுட்டெடுத்த நிலக்கரியை, வைத்து இரும்பு உருக்கிக் காட்டும் வரை ஐரோப்பிய உலைகள் காடுகளைத் தின்றுதான் எரிந்தன. அப்படியானால் பாறைக்குள் வாழ்பவனுக்கு எது அருமை? தங்கமா? அது அவன் சுவரிலேயே இருக்கிறது, மேலே கொண்டுபோய் விற்பதற்கான சரக்கு. அவன் பெட்டியில் பூட்டி வைப்பது மரச்சீப்பையும் மரக்கரண்டியையும். கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவரும் சீர் ஒரு மரக்கட்டை. செதுக்காத கட்டை. முதல் குழந்தை பிறந்த பிறகு அதிலிருந்து தொட்டில் செய்வார்கள். கூரையற்றவர்கள் இவர்களைத் தங்கப் பைத்தியம் என்று கேலி செய்கிறார்கள். இவர்களோ மரத்தை எரித்துச் சோறு பொங்கும் நம்மைப் பார்த்து வாயடைத்து நிற்கிறார்கள்.

சட்டம் இதிலிருந்தே பிறந்துவிடுகிறது. உன் தரை இன்னொருவன் கூரை. பாறையைக் குடையும்போது நடுநடுவே விட்டுவைக்கும் தூணில் கனிமம் இருக்கிறதே என்று ஆசைப்பட்டுச் சுரண்டுவதுதான் மன்னிக்க முடியாத குற்றம். கொலைக்குக்கூட ஈடு கட்டலாம், தூண் சுரண்டியவனுக்குக் கிடையாது.

தெய்வத்துக்கு நான் எங்கும் போய் யோசிக்கவில்லை. பொலிவியாவின் பொட்டோசி மலையில் சுரங்கத் தொழிலாளர்கள் மேலே தேவாலயத்துக்குப் போகிறார்கள். உள்ளே இறங்கியதும் அங்கே வேறொருவர் ராஜ்யம். கொம்பு வைத்த எல் தியோ சிலைக்கு கோகா இலையும் சிகரெட்டும் மதுவும் வைத்துவிட்டுத்தான் வேலை. தியோ என்றால் ஸ்பானிஷில் மாமா, சித்தப்பா என்ற உறவுமுறைச் சொல். எனக்குப் பிடித்ததே அந்த உறவுமுறைதான். வணங்கப்படும் சாமி இல்லை, பேரம் பேசிச் சமாளிக்க வேண்டிய மூத்த உறவினர். என் குள்ளர்களின் தெய்வத்துக்குக் கோயில் கிடையாது, ஒவ்வொரு புதுச் சுரங்கத்துக்கும் ஒரு பங்காளி உண்டு.

இத்தனைக்கும் பிறகு உரிப்பொருளுக்கு வந்தேன். பாறைக்குள் வாழ்பவர்களின் மனசு எது? கோபமா, பேராசையா? ஸ்வீடனில் ஃபலூன் செப்புச் சுரங்கத்தில் 1677இல் மாட்ஸ் இஸ்ரேல்சன் என்ற இளைஞன் காணாமல் போனான். 1719இல் அவன் உடல் கிடைத்தது. சுரங்க நீரில் கரைந்திருந்த வேதிப்பொருளால் கெடாமல், போன நாளில் இருந்த அதே முகத்தோடு. யாருடைய உடல் என்று யாருக்கும் தெரியவில்லை. அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த பெண், அதற்குள் கிழவியாகிவிட்டவள், பார்த்து அடையாளம் சொன்னாள். 42 வருடம். இதைப் படித்த இரவு நான் ஒரு வரிகூட எழுதவில்லை.

முல்லையின் இருத்தல் இது இல்லை, அங்கே அவன் வருவான் என்று நம்பிக் காத்திருப்பாள். நெய்தலின் இரங்கலும் இல்லை. இதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் செவிசாய்த்தல். சுரங்கம் சரிந்தால் உள்ளே சிக்கியவர்கள் பாறையில் தட்டுவார்கள். மேலே உள்ளவர்கள் எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். இங்கிலாந்தின் கார்ன்வால் சுரங்கங்களில் பாறைக்குள்ளிருந்து கேட்ட தட்டல் சத்தத்தைச் சின்ன மனிதர்களின் வேலை என்றே நம்பினார்கள், சரிவு வரப்போவதை எச்சரிக்கிறார்கள் என்று சிலர் சொன்னார்கள். பாதிக் குள்ளர் கதைகள் ஒரு சத்தத்திலிருந்துதான் பிறந்திருக்கும் போலிருக்கிறது. என் குள்ளர்களின் ஊரில் ஒவ்வொரு வேலைமுறையின் முடிவிலும் எல்லாச் சுத்தியலும் நிற்கும். நூறு மூச்சு எண்ணும் வரை யாரும் பேச மாட்டார்கள். காணாமல் போனவர்கள் யாராவது தட்டுகிறார்களா என்று கேட்பார்கள். தொலைந்து இருநூறு வருடம் ஆனவர்களுக்காகவும்.

தோழியின் கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. சரிவில் சிக்கியவர்கள் பாறைக்கே சொந்தம். வீட்டில் இறந்தவர்களைக் கீழே வைத்துக்கொள்ள முடியாது, மூச்சுவிடும் காற்று கெட்டுவிடும். அதனால் மேலே கொண்டுபோகிறார்கள். நான்கு பேர் தூக்குகிறார்கள். பலருக்கு வாழ்நாளில் வானத்தைப் பார்ப்பதே அந்த ஒரு முறைதான். பயத்தில் குனிந்தபடியே நடக்கிறார்கள்.

பழைய நோர்ஸ், அதாவது ஸ்காண்டிநேவியப், புராணத்தில் வானத்தின் நான்கு மூலைகளையும் நான்கு குள்ளர்கள் தாங்கி நிற்பதாக ஒரு குறிப்பு உண்டு. 13ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்தின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிவைத்தது. நிலத்தடிக்காரர்களை ஏன் வானத்துக்கு அனுப்பினார்கள் என்று எனக்கு நெடுநாள் புரியாமல் இருந்தது. இப்போது புரிகிறமாதிரி இருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கூரையைப் பற்றியே யோசித்தவனுக்கு வானம் எப்படித் தெரியும்? ஒரு தூண்கூட இல்லாத கூரையாக.

என் நால்வரும் உடலை வெட்டவெளியில் இறக்கி வைக்கிறார்கள். முதுகில் கட்டிவந்த மரத்தூண்களை, ஊரிலேயே விலை உயர்ந்த நான்கு மரங்களை, உடலின் நான்கு மூலையிலும் ஆழமாக நடுகிறார்கள். ஒவ்வொன்றையும் கையால் அசைத்துப் பார்த்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் கீழே இறங்குகிறார்கள்.