அந்த டயரில் 14 பிஎஸ்ஐ இருந்தது

ஞாயிற்றுக்கிழமை ராமநாதபுரம் மாவட்டம் உச்சிப்புளிப் பக்கம், கல்லிலும் பள்ளத்திலும் ஏறி இறங்குகிற பேட்டரி ட்ரயல்ஸ் பைக்கில் நம் தம்பி ஒருவன் விழுந்ததை எடுத்த அந்த 12 விநாடி வீடியோவைப் பற்றி எழுத வேண்டாம் என்று மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன். நேற்று ராத்திரி அது நாலாவது குழுவைச் சுற்றி எனக்கே வந்து சேர்ந்தது. மேலே "பேட்டரி பொம்மை படுத்துருச்சு" என்று எழுதியிருக்கிறது. கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். அதனால் எழுதுகிறேன்.

அந்த டயரில் 14 பிஎஸ்ஐ காற்று இருந்தது. 5 வைக்க வேண்டிய ட்ரயல்ஸ் வண்டியின் பின் டயரில் 14. தம்பி விழுந்த பிறகு காற்றழுத்தம் அளக்கிற கேஜ் வைத்துப் பார்த்தவர்கள் மூன்று பேர், அதில் இரண்டு பேர் பெட்ரோல் வண்டிக்காரர்கள். வீடியோ போட்டவர் இரண்டடி தள்ளித்தான் நின்றார். 14 என்று சொன்னது அவர் காதிலும் விழுந்தது. அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார்.

இந்த வண்டி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இதில் சீட் கிடையாது, நின்றேதான் ஓட்ட வேண்டும். எடை 70 கிலோவை ஒட்டி இருக்கும். வேகத்துக்கு மதிப்பெண் இல்லை. கல்லிலும் பள்ளத்திலும் போகும்போது காலை ஒரு தடவை ஊன்றினால் 1, இரண்டு தடவைக்கு 2, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் 3, முடிக்காமல் விழுந்தாலோ எல்லையைத் தாண்டினாலோ 5. குறைவாக வாங்கியவர் ஜெயித்தவர். ஆகவே இந்த விளையாட்டில் பாதி வேலை டயருடையது. பின்னால் 18 அங்குல ட்யூப்லெஸ். அதில் 4.5 முதல் 5 பிஎஸ்ஐ வரை வைப்பார்கள். முன்னால் 21 அங்குலம், 6 போதும். ரோட்டு வண்டிக்காரர் பார்த்தால் பஞ்சர் என்பார். அப்படித்தான் இருக்க வேண்டும். கல் விளிம்பில் பட்டதும் டயர் மடிந்து அந்த விளிம்பைக் கவ்வ வேண்டும். 14 வைத்தால் அது கவ்வாது, பந்து மாதிரி எகிறும்.

வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு போட்டதில் மிச்சமான கருங்கல், முழங்கால் உயரம், மேலே பொடி மணல். ஐந்தாவது விநாடியில் முன் சக்கரம் சரியாக ஏறிவிட்டது. தம்பி உடம்பை முன்னால் கொடுத்ததும் சரி. ஏழாவது விநாடியில் பின் டயர் கல்லின் முகத்தில் மோதுகிறது, மடியவே இல்லை, ஒரு துள்ளல் துள்ளி அரைச் சுற்று வெறுமனே சுற்றுகிறது. அங்கேயே கதை முடிந்தது. அதே டயரை, அதே 14-ஐ, உங்கள் 300 சிசி டூ-ஸ்ட்ரோக் பெட்ரோல் வண்டியில் மாட்டினாலும் அதே கல்லில் அதே மாதிரிதான் வழுக்கும்.

14 எப்படி வந்தது என்பதும் தெரியும். வண்டி குட்டியானையில் வந்தது. கட்டிக்கொண்டு வரும்போது ரிம் அடிபடாமல் இருக்கக் காற்றைக் கூட்டி அனுப்புவார்கள். இறக்கியதும் குறைக்க வேண்டும் என்று புதிதாக வாங்கிய பையனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மெயின் ரோட்டுப் பெட்ரோல் பங்கில் காட்டியிருக்கிறான். லாரிக்கும் காருக்கும் காற்றடிக்கிற கேஜில் 5 பிஎஸ்ஐயைப் பார்க்க முடியாது. அதற்கு 0 முதல் 15 வரை காட்டுகிற தனிக் கேஜ் வேண்டும், சைக்கிள் பம்பு வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. காலை ஆறு மணிக்கு 5 வைத்துவிட்டு வண்டியை வெயிலில் நிறுத்தினால், டயர் 27 டிகிரியிலிருந்து 45-க்குச் சூடாகும்போது அந்த 5 தானாகவே 6-ஐத் தாண்டிவிடும். பத்து மணிக்கு மறுபடி பார்த்துக் குறைக்க வேண்டும். இதெல்லாம் அங்கே நின்ற மூத்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. போனை எடுத்தார்கள். எனக்கு வலிப்பது இதுதான்.

சரி, எதிர்ப்பேச்சுக்கு வருகிறேன்.

"பெட்ரோல் வண்டியாக இருந்தால் சமாளித்திருக்கலாம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு, மறைக்கவில்லை. பெட்ரோல் எஞ்சினில் ஃப்ளைவீல் என்கிற சுழல் சக்கரம் கனமாகச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினால் சக்தி கொஞ்சம் தாமதித்து, உருண்டு வரும். மோட்டாரில் முறுக்கிய கணத்திலேயே முழு விசையும் சக்கரத்தில் நிற்கும். பிடிப்பு இல்லாத டயரில் அது உடனே சுழன்றுவிடும். அதனால்தான் அந்த வண்டிகளில் சக்தியைக் குறைத்து வைக்கிற மேப், அதாவது ஓட்டும் அமைப்பு, இருக்கிறது. பழகுகிறவர் மெதுவான மேப்பில்தான் தொடங்க வேண்டும். ஆனால் இது தப்பைப் பெரிதாகக் காட்டும், அவ்வளவுதான். தப்பு டயரில் இருந்தது.

"கிளட்ச் இல்லாத வண்டி ட்ரயல்ஸுக்கு ஆகுமா?" ஆகாது என்றே வைத்துக்கொள்வோம். உயரமான கல்லில் ஏற, எஞ்சினைச் சுழலவிட்டுக் கிளட்சைப் பிடித்து, கல்லை நெருங்கியதும் விட வேண்டும். ஃப்ளைவீலில் சேர்ந்த சக்தி ஒரே அடியாகச் சக்கரத்துக்கு வரும். கிளட்ச் இல்லாத மோட்டாரில் அப்படிச் சேர்த்து வைக்க வழியில்லை. நியாயமான குறைதான், ஆனால் பழைய குறை. யமஹா 2018-இல் கொண்டுவந்த டிஒய்-இ வண்டியிலேயே கிளட்சும் ஃப்ளைவீலும் இருந்தன. பிரான்சின் எலக்ட்ரிக் மோஷன் கம்பெனியும் கிளட்ச் வைத்த வண்டி விற்கிறது. ஹோண்டா தன் மின்சார வண்டியை 2024-இல் ஜப்பான் தேசியப் போட்டியில் இறக்கியபோது, அதன் மேல் நின்றவர் தகாஹிசா புஜினாமி, 2004-இன் உலகச் சாம்பியன். உலகச் சாம்பியன் நின்று ஓட்டுகிற வண்டிக்கு உச்சிப்புளியில் பொம்மை என்று பெயர்.

"சத்தம் இல்லாத வண்டியில் உயிர் இல்லை." இதற்குத்தான் எனக்குக் கோபம் அதிகம். நாம் ஓட்டுகிற இடம் யாருடையது? பட்டா நிலம், தென்னந்தோப்பை ஒட்டி. தோப்புக்கு அந்தப் பக்கம் மீனவர் குடியிருப்பு. சனிக்கிழமை கடலுக்குப் போன விசைப்படகு ஞாயிறு காலை கரை திரும்புகிறது. ராத்திரி முழுக்கக் கண் விழித்து வலை இழுத்தவர்கள் வீட்டுக்கு வந்து படுக்கிற நேரமும், நாம் டூ-ஸ்ட்ரோக்கை உதைத்துக் கிளப்புகிற நேரமும் ஒன்று. அவர்கள் இதுவரை சண்டைக்கு வரவில்லை. அது அவர்கள் பெருந்தன்மை. நிலத்துக்காரர் இரண்டு தடவை மென்மையாகச் சொல்லிவிட்டார். மூன்றாவது தடவை கேட்டைப் பூட்டினால் பெட்ரோலுக்கும் இடமில்லை, பேட்டரிக்கும் இடமில்லை.

அதே மூச்சில் இன்னொருவர் கேட்கிறார், சத்தம்தான் இல்லையே, தனுஷ்கோடி மணலில் ஓட்டலாமே என்று. கூடாது அண்ணே. தை, மாசியில் ஆமை முட்டையிடுகிற கரை அது. முட்டை மணலுக்குள் ஒன்றரை அடியில் கிடக்கும். சக்கரத் தடத்தில் விழுந்த குஞ்சு கடலுக்குப் போய்ச் சேராது. அங்கே பூநாரைக்கென்று 2025-இல் சரணாலயமே அறிவித்தாயிற்று. மின்சார வண்டிக்குப் பரிந்து பேசுவதால் இதற்கும் தலையாட்டுவேன் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பெட்ரோல்தான் நம்பகமானது என்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். எந்தப் பெட்ரோல்? இப்போது பங்கில் வருவது இ20. நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுக்கும். நம் கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமா?

கீழக்கரைக் காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவரின் வண்டி போன மாதம் பிஸ்டன் ஜாம் ஆகி நின்றது. அவர் வண்டியைப் பிள்ளை மாதிரி பார்ப்பவர், கலவையை அளக்காமல் ஊற்றவே மாட்டார். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு கலக்கிற டூ-டி ஆயில் லிட்டருக்கு 15 மில்லி, கச்சிதமாக. ஆனால் கலந்த பெட்ரோலைப் பாதி காலியான பிளாஸ்டிக் கேனில் ஒரு மாதம் போட்டு வைத்திருந்தார். கேனுக்குள் இருந்த காற்றின் ஈரம் பெட்ரோலுக்குள் இறங்கிவிட்டது. ஒரு அளவுக்கு மேல் நீர் சேர்ந்ததும் எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்க் குழாய் எடுப்பது அடியிலிருந்து. ஆக, எஞ்சினுக்குப் போனதில் ஆயிலே இல்லை. கார்புரேட்டரைக் கழற்றினால் கிண்ணத்தில் வெள்ளைப் பொடி, பெட்ரோலை அளந்து விடுகிற பித்தளை ஜெட்டில் பச்சைக் களிம்பு.

இதற்கு வழி இருக்கிறது, பெட்ரோல்காரர்களும் குறித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஓட்டுகிற அளவு மட்டும் கலக்க வேண்டும், 2 லிட்டருக்கு 30 மில்லி. சேர்த்து வைத்தே ஆக வேண்டும் என்றால் இரும்புக் கேனில் கழுத்து வரை நிரப்பி இறுக மூட வேண்டும். சந்தேகம் வந்தால் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் வையுங்கள், அடியில் கோடு தெரிந்தால் கீழே கொட்டாமல் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் புதிது வாங்குங்கள். வீட்டுக்குக் கிளம்புமுன் குழாயை மூடி, எஞ்சின் தானாக அணையும் வரை ஓடவிட்டு, கார்புரேட்டர் கிண்ணத்தின் அடி ஸ்குருவைத் திறந்து மிச்சத்தை வடித்துவிடுங்கள். எத்தனாலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால் பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் பெட்ரோல் போதாமல் எஞ்சின் சூடாகும். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பால் டீ நிறம் இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் ஜெட்டை ஒரு அளவு பெரிதாக்க வேண்டும்.

காக்காவின் வண்டி நின்றபோது யாரும் வீடியோ எடுக்கவில்லை. "பெட்ரோல் பொம்மை" என்று யாரும் எழுதவில்லை. நாலு பேர் சேர்ந்து குட்டியானையில் ஏற்றிவிட்டார்கள், ஒருவர் சிலிண்டருக்கு ராமநாதபுரம் வரை அலைந்தார். அதுதான் முறை. அந்த முறை இந்தத் தம்பிக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை?

பேட்டரி வண்டியில் குறையே இல்லையா என்பீர்கள். இருக்கிறது, நானே சொல்கிறேன். உப்புக் காற்றில் அதன் இணைப்புகள் பச்சை பூக்கும். சார்ஜர் முனையிலும் கனெக்டரிலும் மின்கடத்தாக் கிரீஸ் தடவாமல் ஒரு சோழகக் காலத்தை, அதாவது தென்காற்றுக் காலத்தை, தாண்டாது. ஓட்டி முடித்த சூட்டோடு சார்ஜ் போடக் கூடாது. லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் ஆயுள் குறையும். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அந்தச் சூடு சாதாரணம். ஓலைக் கொட்டகையில் நிறுத்தி, ஆறவிட்டு, பிறகு போடுங்கள். வாரக்கணக்கில் ஓட்டப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் விடுங்கள். மோட்டாருக்குப் போகிற மின்சாரத்தைக் கட்டுப்படுத்துகிற கன்ட்ரோலர் போனால் நம் மாவட்டத்தில் திறந்து பார்க்க ஆள் கிடையாது. இது பெரிய குறை. பேட்டரி மாற்றுகிற செலவு அதைவிடப் பெரிது. மறுக்க என்னிடம் பதில் இல்லை.

கழுவுவது இரண்டுக்கும் ஒரே பாடுதான். பாதி ஊர்களில் போர் தண்ணீரே உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பின் மேல் உப்பு. நல்ல தண்ணீருக்குப் பெண்கள் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு நடக்கிற ஊரில் குழாயைப் பிடித்து வண்டி கழுவாதீர்கள். இரண்டு லிட்டர் நல்ல தண்ணீர், இரண்டு துணி. ஸ்போக், செயின், டிஸ்க், கனெக்டர் ஓரம் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விட்டால் போதும். சீமைக்கருவேல முள்ளும் எந்த வண்டி என்று பார்த்துக் குத்துவதில்லை. டயரின் பக்கவாட்டில் ஏறிய முள்ளுக்குப் பஞ்சர் திரி நிற்காது. முன்கூட்டியே சீலண்ட் ஊற்றி வையுங்கள்.

கரன்ட் மட்டும் எங்கிருந்து வருகிறது, நிலக்கரிதானே என்று ஒருவர். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-இலிருந்து நம் மாவட்டத்திலேயே ஓடுகிறது. பகலில் சார்ஜ் போடுங்கள். இந்த வண்டியின் பேட்டரி 2 கிலோவாட் மணியை ஒட்டியது, நிறைக்க இரண்டரை யூனிட்கூட ஆகாது. இதற்கு மேல் இந்த வாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. வருடக்கணக்கில் டூ-ஸ்ட்ரோக் புகை விட்டவர்களுக்குத் திடீரென்று வருகிற நிலக்கரிக் கவலையை என்னால் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பெட்ரோலை விடச் சொல்லவில்லை. காக்காவின் வண்டி கிளம்பி வந்தால் முதலில் கை தட்டுவது நானாகத்தான் இருப்பேன். நான் கேட்பது ஒன்றுதான். ஒரு வண்டி விழுந்தால் முதலில் கேஜை எடுங்கள். அந்த டயரில் 14 பிஎஸ்ஐ இருந்தது.

தம்பிக்கு வயது 19. மூன்று நாளாகக் குழுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியை விற்கப் போடலாமா என்று நேற்று தனியாகக் கேட்டிருக்கிறான். வீடியோ போட்ட அண்ணனுக்கு: அதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கீழே அந்த 14-ஐயும் எழுதிவிடுங்கள். வர்ற ஞாயிறு காலை ஆறு மணிக்கு அதே கல்லில் 5 பிஎஸ்ஐயோடு அவன் ஏறப் போகிறான். கேஜ் கொண்டு வருகிறேன். யாருக்கு வேண்டுமானாலும் அளந்து காட்டுகிறேன்.