‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டும் பயனில்லை என்று ஒரு கட்டுரையில் படித்தேன். பெரும்பாலும் கேள்வியில்தான் கோளாறு. "எங்கள் தெரு சாலை ஏன் ஆறே மாதத்தில் பெயர்ந்தது?" என்று கேட்டால், விளக்கம் தர இயலாது எனத் திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீடு, பணி ஆணை, ஒப்பந்தம், எம்-புக் (முடித்த வேலையை அளந்து பதியும் அளவுப் புத்தகம்) பக்கங்கள், பில் தொகை வழங்கிய தேதி. இதில் எம்-புக்தான் உயிர்நாடி. நீளம், அகலம், கனம் எல்லாம் பொறியாளர் கையெழுத்தோடு அதில் இருக்கும். தெருவில் டேப் வைத்து அளந்தால் வண்டவாளம் தெரிந்துவிடும். ஒப்பந்தத்தில் ஒப்பந்ததாரரே பழுது பார்த்துத் தரவேண்டிய காலமும் இருக்கும், அதை விடாதீர்கள்.

மனுவைப் பொதுத் தகவல் அலுவலருக்கு (அலுவலகத்தில் இத்தகைய மனுக்களுக்குப் பதில் தரும் அதிகாரி), 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அலுவலகம் மாறிப்போனாலும் பிரிவு 6(3)படி 5 நாளில் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். மனு கிடைத்த 30 நாளில் பதில் இல்லையா? அடுத்த 30 நாளுக்குள், அவருக்கு மேல் உள்ள அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு. பலரும் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். கெடு தாண்டினால் தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டிவரும். அவர்கள் 30 நாள் கடந்து தரும் தகவலுக்கு நகல் கட்டணம் கிடையாது, பிரிவு 7(6). பணம் கட்டச் சொன்னால் அதைச் சுட்டிக்காட்டுங்கள்.